ஹேங் ஆகும் கணினிகளை ஏலம் விடுவதற்கு முன்: கல்லூரி முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அம்மா அவர்களுக்கு,

நான் தங்கள் கல்லூரியில் கணினி அறிவியல் படித்தவன். இதே ஊரில் கணினிப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இரண்டாம் ஆய்வகத்தில் உள்ள லினக்ஸ் கணினிகள் அடிக்கடி ஹேங் ஆகின்றன என்பதால், அவற்றை வரும் கல்வியாண்டு முதல் நிறுத்திவிட்டுக் கழிவாக ஏலம் விட முடிவாகியிருக்கிறது என்று அறிந்தேன். அந்த முடிவை ஒரு செமஸ்டர் தள்ளி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

இதைத் தனிக் கடிதமாகக் கொடுத்திருக்கலாம். ஆனால் இதே காரணத்தைச் சொல்லி இதே முடிவுக்கு வரும் கல்லூரிகளும் பள்ளிகளும் அலுவலகங்களும் பல இருக்கின்றன. தங்கள் மேசைக்கு வந்த கோப்பு நாளை வேறொரு முதல்வரின் மேசைக்கும் போகும். ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஆய்வகப் பொறுப்பாளரின் அனுமதியோடு அந்தக் கணினிகளைப் பார்த்தேன். பதிவேட்டையும் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் கணினி எண், தேதி, "ஹேங்", "ரீஸ்டார்ட் செய்யப்பட்டது" என்ற நான்கு விவரங்கள்தான் இருந்தன. திரை நின்றபோது மவுஸ் நகர்ந்ததா, ஹார்ட் டிஸ்க் விளக்கு எரிந்துகொண்டே இருந்ததா, எந்த மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது என்ற எதுவும் இல்லை. அந்த விவரங்கள் இல்லாமல் கணினியைக் குறை சொல்லவும் முடியாது, லினக்ஸைக் குறை சொல்லவும் முடியாது. திரை நிற்பது ஒன்றுதான். அதன் பின்னால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கோளாறுகள் இருக்கலாம்.

மவுஸ் அம்புக்குறி நகர்கிறது, ஆனால் எதைச் சொடுக்கினாலும் அசைவில்லை என்றால், பெரும்பாலும் டெஸ்க்டாப் மட்டும் சிக்கியிருக்கும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரையில் பயனர் பெயர் கேட்கும். அது வந்துவிட்டால், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் உள்ளே நலமாக இருக்கிறது. சிக்கிய நிரலை அங்கிருந்தே நிறுத்திவிடலாம்.

அம்புக்குறி விட்டு விட்டு நகர்ந்து, டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தால், பெரும்பாலும் நினைவகம் நிரம்பியிருக்கும். ராமில் இடமில்லாமல் கணினி நினைவகப் பக்கங்களை டிஸ்க்குக்கும் ராமுக்கும் மாற்றி மாற்றிச் சுமந்து திணறுகிறது.

திரை முற்றிலும் நின்றுவிட்டாலும் பக்கத்துக் கணினியிலிருந்து வலைப்பின்னல் வழியாக பிங் செய்தால் பதில் வருகிறது, தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போகவும் முடிகிறது என்றால், கிராஃபிக்ஸ் சிப்பின் மீதோ அதன் டிரைவரின் மீதோ சந்தேகப்படலாம். பிங்குக்கும் பதில் இல்லையென்றால் பெரும்பாலும் கெர்னலோ வன்பொருளோ நின்றிருக்கும். அப்போது ராம், பவர் சப்ளை, சூடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைகளுக்கு ஐந்து நிமிடம் போதும், காசு செலவில்லை.

ஜன்னலோர வரிசையில் ஒரு கணினி. அதில் வீடியோ ஓட்டினாலே எல்லாம் நின்றுவிடுகிறது என்று மாணவர்கள் சொன்னார்கள். செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தைத் திறந்தேன். கிராஃபிக்ஸ் என்ற இடத்தில் சிப்பின் பெயர் இருக்க வேண்டும். அங்கே 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தது. அந்தப் பெயர் வந்தால், கிராஃபிக்ஸ் சிப் சும்மா இருக்கிறது, திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் சிபியூவே உட்கார்ந்து வரைகிறது என்று பொருள். பிறகு, கணினியைத் தொடக்கி வைக்கும் கிரப் நிரலின் அமைப்புக் கோப்பைப் பார்த்தேன். கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்ற ஒற்றைச் சொல் இருந்தது. இன்ஸ்டால் செய்யும்போது திரை கறுப்பாகிவிட்டால் தற்காலிகமாகச் சேர்க்கும் சொல் அது. கிராஃபிக்ஸ் டிரைவரைத் தொடாதே என்று கெர்னலிடம் சொல்கிறது. இன்ஸ்டால் முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும், எடுக்கப்படவில்லை. அதை நீக்கி, கிரப்பைப் புதுப்பித்து, கணினியை மறுபடி தொடங்கினோம். இன்டெல் சிப்புக்கான ஐ915 டிரைவர் ஏற்றப்பட்டது. அதே வீடியோ தடங்கலின்றி ஓடியது.

இன்னொரு வரிசையில் சிக்கல் வேறு. 4 ஜிபி ராம் கொண்ட கணினிகளில் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவையும் பிரவுசரையும் ஒன்றாகத் திறக்கிறார்கள். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி வேண்டும் என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். அங்கே எந்த இயங்குதளத்தைப் போட்டாலும் கணினி திணறத்தான் செய்யும். ராம் சேர்த்தால் தீரும். முடியாவிட்டால் அந்தப் பயிற்சியை வேறு கணினிகளுக்கு மாற்றினாலும் தீரும்.

மூன்றாவது வகை, அப்டேட் முடிந்து மறுநாள் வந்து பார்த்தால் திரை கறுப்பாக இருக்கும் கணினிகள். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு பொருத்திய கணினிகள் இவை. இந்தக் கார்டுகளுக்கான டிரைவர் கெர்னலுக்கு வெளியிலிருந்து வருவதால், கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் அதற்கேற்ப அந்த டிரைவரும் மறுபடி உருவாக வேண்டும். இடையில் மின்சாரம் போனாலோ, தேவையான ஹெட்டர் கோப்புகள் இல்லாவிட்டாலோ அது உருவாகாது. செக்யூர் பூட் போடப்பட்டிருந்து டிரைவரில் உரிய கையொப்பம் இல்லாவிட்டால் கெர்னல் அதை ஏற்காது. இப்படிப்பட்ட கணினியில் கிரப் பட்டியலுக்குப் போய், கூடுதல் விருப்பங்களைத் திறந்து, பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தாலே பெரும்பாலும் திரை வந்துவிடும். பிறகு நிதானமாக டிரைவரைச் சரிசெய்யலாம்.

கிராஃபிக்ஸ் டிரைவர் ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்று தாங்கள் கேட்கலாம். இது கல்லூரியின் கொள்முதலோடு தொடர்புடைய கேள்வி. இன்டெல் தன் சிப்புகளுக்கான லினக்ஸ் டிரைவரை நெடுங்காலமாகக் கெர்னலுக்குள்ளேயே வளர்த்து வருகிறது. ஏஎம்டி 2007-இல் தன் சிப்புகளின் நுட்ப விவரங்களைப் பொதுவில் தர முன்வந்தது. அதன் 'ஏஎம்டிஜிபியூ' டிரைவர் 2015-இல் கெர்னலில் சேர்ந்தது. என்விடியா தன் டிரைவரை மூடியே வைத்திருந்தது. சிப் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தன்னார்வலர்கள் வெளியிலிருந்தே கண்டறிந்து 'நூவோ' என்ற டிரைவரை எழுதினார்கள். அது 2010-இல் கெர்னலில் இடம்பெற்றது. 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து, நிறுவனத்தின் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் சிப்பை முழு வேகத்தில் ஓட்ட முடியாது என்றானது. நூவோவின் வேகம் அங்கே முடங்கியது. அதற்கு முன்பே, லினக்ஸ் கெர்னலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் என்விடியாவை வெளிப்படையாகவே கண்டித்தார். 2022 மே மாதத்தில்தான் என்விடியா தன் கெர்னல் பகுதியின் மூலநிரலை வெளியிட்டது. அதுவும் 2018-இல் வந்த டூரிங் வரிசைக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் மட்டுமே பொருந்தும். கெப்ளர் போன்ற பழைய வரிசைகள் 470-ஆம் டிரைவர் கிளையோடு நின்றுவிட்டன.

டெண்டரில் ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று எழுதுகிறோம். கிராஃபிக்ஸ் சிப்புக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறதா என்ற ஒரு வரியையும் சேர்த்தால், நான் மேலே சொன்ன மூன்றாவது வகைத் தொல்லை பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடும்.

திரை நின்றால் கிராஃபிக்ஸ்தான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் கூடாது. இன்டெலின் பே டிரெயில் செயலிகள் கொண்ட மலிவு விலைக் கணினிகள் லினக்ஸில் திடீர் திடீரென்று உறைந்து உலகெங்கும் பலரை அலைக்கழித்தன. வேலையில்லாத நேரத்தில் செயலி ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போவதோடு அந்தக் கோளாறு தொடர்புடையது என்று தெரிந்தது. உறக்க நிலையைக் கட்டுப்படுத்தும் ஒரு அளவுருவைக் கெர்னல் வரியில் சேர்த்துப் பலர் தங்கள் கணினிகளைக் காப்பாற்றிக்கொண்டார்கள். மின்சாரம் சற்றுக் கூடுதலாகச் செலவானது, ஆனால் கணினி உறையாமல் ஓடியது.

இனி, ஆய்வகத்தில் உடனே மாற்ற வேண்டிய பழக்கம் ஒன்று. திரை நின்றதும் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கிறார்கள். சேமிக்காத வேலை போவது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம், காரணத்தைச் சொல்லும் சாட்சியும் சேர்ந்து போவது. லினக்ஸ் தன்னுள் நடப்பதை ஜர்னல் என்ற பதிவில் எழுதிக்கொண்டே இருக்கிறது. மிக அவசரமான செய்திகளை மட்டும் உடனே டிஸ்க்கில் உறுதிப்படுத்தும். மற்றவற்றுக்கு இயல்பான அமைப்பில் ஐந்து நிமிடம் வரை எடுத்துக்கொள்ளும். பவர் பட்டனால் அணைத்தால் நமக்கு மிகவும் தேவையான கடைசி வரிகள் அழிந்துபோகலாம்.

அதற்குப் பதிலாக, ஆல்ட் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்ற எழுத்துகளைச் சில நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லுங்கள். எஸ், நிலுவையில் உள்ளதை டிஸ்க்கில் எழுதும். யு, கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றும். பி, கணினியை மறுபடி தொடங்கும். உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பில் இந்த மூன்றும் இயல்பாகவே அனுமதிக்கப்பட்டவை. கெர்னலே செத்திருந்தால் மட்டும் பலிக்காது. கணினி எழுந்ததும் ஜர்னல்சிடிஎல் கட்டளையால் முந்தைய ஓட்டத்தின் கெர்னல் செய்திகளைக் கேட்டால், நின்ற நேரத்தில் நடந்தது வரிசையாக வரும். இன்டெல் சிப் சிக்கியிருந்தால் 'ஜிபியூ ஹேங்' என்றே எழுதியிருக்கும். ஏஎம்டி என்றால் 'ரிங் டைம்அவுட்' என்ற வரி இருக்கும். நினைவகம் தீர்ந்து கெர்னல் ஏதாவது நிரலைக் கொன்றிருந்தால் அந்த நிரலின் பெயரும் இருக்கும்.

அம்மா, தங்கள் மாணவர்கள் இயங்குதளம் என்ற பாடத்தைப் படிக்கிறார்கள். பேஜ் ரீப்ளேஸ்மென்ட், டெட்லாக், த்ரேஷிங் எல்லாம் அதில் வருகின்றன. த்ரேஷிங் என்றால் என்ன என்ற கேள்விக்குப் படம் போட்டு விடை எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். நினைவகம் நிரம்பிக் கணினி திணறும் அதே த்ரேஷிங் ஆய்வகத்தில் அவர்கள் கண்முன் நடக்கும்போது, பட்டனை அழுத்து, வேறு கணினிக்குப் போ என்று சொல்லப்படுகிறது. படித்த பாடத்தை உயிரோடு பார்க்கும் வாய்ப்பு இப்படித் தினமும் கைநழுவுகிறது. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். பட்டம் முடித்து என் கடைக்கு வேலை கேட்டு வரும் பிள்ளைகளிடம், திரை நின்றால் முதலில் என்ன பார்ப்பாய் என்று கேட்கிறேன். ஃபார்மட் போடுவேன் என்கிறார்கள். அறிவில் குறைந்தவர்கள் இல்லை அவர்கள். ஒரு கோளாறின் முன் உட்கார்ந்து காரணம் தேட யாரும் அவர்களை விட்டதில்லை.

ஏலம் விட்டுவிட்டால் மாற்று என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பையும், இன்டெலாக இருந்தால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியையும் கேட்கிறது. ஆய்வகத்தில் பாதிக்கு மேற்பட்ட கணினிகள் அந்தத் தகுதிக்கு வெளியே இருக்கின்றன. பாதுகாப்புப் புதுப்பிப்புகளோடு அவற்றை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவதற்கு லினக்ஸே கைகொடுக்கும். மோட்டார் நின்றுபோனதற்காக யாரும் கிணற்றைத் தூர்ப்பதில்லை. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் உபுண்டு அடிப்படையிலான கைட் குனு லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன. கோளாறு அங்கேயும் வரத்தான் செய்யும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்கள் சமாளிக்கிறார்கள்.

நான் வேண்டுவது இவைதான்.

ஏல முடிவை ஒரு செமஸ்டர் நிறுத்தி வையுங்கள். பதிவேட்டில் "ஹேங்" என்று மட்டும் எழுதுவதை விட்டு, மவுஸ் நகர்ந்ததா, டிஸ்க் விளக்கு எரிந்ததா, பிங்குக்குப் பதில் வந்ததா, என்ன ஓடிக்கொண்டிருந்தது, ஜர்னலின் கடைசி வரிகள் என்ன என்று ஐந்து கட்டங்கள் போடச் சொல்லுங்கள். எல்லாக் கணினிகளிலும் எஸ்எஸ்எச் சேவையை நிறுவச் சொல்லுங்கள். நீண்டகால ஆதரவுள்ள ஒரே பதிப்பு எல்லாவற்றிலும் இருக்கட்டும். புதிய கெர்னல் முதலில் ஒரு கணினியில் ஓடி, சரியாக இருந்தால் மற்றவற்றுக்குப் போகட்டும். டிரைவர்களை வலைத்தளத்திலிருந்து இறக்கிக் கையால் போடாமல், அந்த லினக்ஸ் பதிப்பே தரும் தொகுப்பாக நிறுவச் சொல்லுங்கள்.

இரண்டு மூன்று கணினிகளை மாணவர்களுக்கென்று ஒதுக்கி, நிர்வாகி அனுமதியையும் கொடுங்கள். அவற்றை அவர்கள் கெடுக்கட்டும், அவர்களே சரி செய்யட்டும். பதிவேட்டின் கட்டங்களை நிரப்பிக் காரணத்தைக் கண்டுபிடித்த மாணவருக்குச் செய்முறைத் தேர்வில் அதற்கான அக மதிப்பெண் கிடைக்கட்டும்.

செமஸ்டர் முடிவில் அந்தப் பதிவேட்டை வைத்து முடிவெடுங்கள். சில கணினிகளில் மதர்போர்டே போயிருக்கலாம், கெபாசிட்டர்கள் வீங்கியிருக்கலாம். அவற்றைக் கழிப்பதே சரி, தாராளமாகக் கழியுங்கள். மீதியில் எத்தனை ஒரு சொல்லை நீக்கியதால் பிழைத்தன, எத்தனை கூடுதல் ராமால் பிழைத்தன என்பது அப்போது எழுத்தில் இருக்கும்.

பதிவேட்டை வடிவமைக்கவும், ஆய்வக உதவியாளர்களுக்கும் மாணவர்களுக்கும் ஜர்னலைப் படிக்கக் கற்றுக்கொடுக்கவும் வாரம் ஒரு பிற்பகல் வரத் தயாராக இருக்கிறேன். கட்டணம் வேண்டாம். ஏல அறிவிப்பு வெளியாவதற்குள் தங்கள் பதில் கிடைத்தால், அடுத்த வாரமே வேலையைத் தொடங்கிவிடலாம்.

மிகுந்த மரியாதையுடன்,
கணினி அறிவியல் துறையின் முன்னாள் மாணவன்