தந்தையாருடன் பந்தாட்டம் காணல்



ஊரை விட்டு வந்து பம்பாய் மாநகரில் குடியேறிய நம்மவர் இல்லங்களில், முதுமையுற்ற தாய் தந்தையரை அழைத்து வந்து உடன் வைத்துக்கொள்ளும் வழக்கம் பெருகி வருகின்றது. மகிழத்தக்க வழக்கமே. ஆயினும், வந்து சேர்ந்த பின்னர் அவர்களுக்குப் பொழுது எவ்வாறு கழிகின்றது என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊரில் காலைக்கு ஆற்றங்கரை, பகலுக்குத் திண்ணை, மாலைக்குக் கோயில் என்று ஒவ்வொரு பொழுதுக்கும் ஓரிடம் இருந்தது. ஒவ்வோரிடத்திலும் பேச ஒருவர் இருந்தார். இங்கோ ஏழாம் மாடியில் ஒரு ஜன்னல்தான் உண்டு. அண்டை வீட்டார் மராத்தியராகவோ குஜராத்தியராகவோ இருப்பர். புன்னகைக்கு மேல் பேச்சு வளர்வதில்லை.

விடுமுறை நாளில் அவர்களைக் கோயிலுக்கு அழைத்துச் செல்கின்றோம். கலியாணங்களுக்குக் கூட்டிச் செல்கின்றோம். நம் சங்க விழாக்களில் முன்வரிசையில் அமர்த்துகின்றோம். இவற்றுடன் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுமாறு இத்திங்கள் வேண்டிக்கொள்கின்றோம். அவர்களை ஒரு பந்தாட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

எழுபது வயதில் பந்தாட்டமா என்று சிலர் நகைக்கக்கூடும். நாடகத்துக்கும் சொற்பொழிவுக்கும் மொழி வேண்டும், ஆட்டத்துக்கு வேண்டியதில்லை. பந்து வளையத்துள் விழுந்ததா இல்லையா என்பதை அறிய இந்தியோ மராத்தியோ கற்க வேண்டுவதில்லை. ஆட்டங்கள் பலவற்றுள்ளும் கூடைப்பந்தாட்டம் முதியோர் காண்பதற்கு ஏற்றது. களம் சிறிது, ஆடுவோர் முகம் தெரியும், கூரையின் கீழ் நிகழ்வதால் வெயிலும் மழையும் இல்லை, இரண்டரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

அன்றியும், இது நம் முதியோர் பலருக்கு அந்நியமான ஆட்டமும் அன்று. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இதனைத் தோற்றுவித்தார். குளிர்காலத்தில் வெளியே செல்ல இயலாது அடைபட்டிருந்த மாணவர்களுக்கு உள்ளரங்கில் ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது. பீச் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அறைந்து, 13 விதிகளை எழுதி, பக்கத்துக்கு ஒன்பதின்மராக ஆடவிட்டார். கூடைக்கு அடி திறந்திராமையால், பந்து விழுந்தபோதெல்லாம் ஏணி வைத்து ஏறி எடுத்தனர். அவர் பணிபுரிந்தது வொய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியாதலால், அச்சங்கம் சென்ற நாடெல்லாம் ஆட்டமும் சென்றது. சென்னையில் 1920-இல் ஹாரி குரோ பக் என்பார் தொடங்கிய வொய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியிற் பயின்றவர் பலர், தமிழகத்துப் பள்ளிகளில் ‘டிரில் மாஸ்டர்’களாக அமர்ந்தனர். ஊதலும் கையுமாக அவர்கள் வெயிலில் நின்று கற்பித்த ஆட்டங்களுள் இதுவும் ஒன்று. ஆதலின், இன்று உங்கள் இல்லத்தில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெரியவர், ஒரு காலத்தில் வளையத்துக்குக் கீழே குதித்தவராகவும் இருக்கலாம்.

எம் தந்தையார் அத்தகையவர். திருநெல்வேலிச் சீமையில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் அணியில் ஆடியவர். களம் செம்மண் தரை, வளையம் ஊர்க் கொல்லர் அடித்துத் தந்தது, வலை கிடையாது. வலை இல்லாமையால், பந்து உள்ளே புகுந்ததா, ஓரமாகச் சென்றதா என்னும் வழக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் நாலைந்து முறை எழுமாம். ஆடியவர் காலில் செருப்பும் இல்லை. எம் தாயார் மறைந்தபின் 2017-இல் அவர் எம்முடன் வந்து தங்கினார். அதிகம் பேசுபவர் அல்லர். இங்கு வந்தபின் அதுவும் குறைந்தது.

2019 அக்டோபர் 4, 5 தேதிகளில், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கமான என்.பி.ஏ.யின் அணிகள் இந்தியாவில் முதன்முறையாக ஆடின. இண்டியானா பேசர்ஸ், சாக்ரமெண்டோ கிங்ஸ் என்னும் இரண்டும் வொர்லியிலுள்ள உள்ளரங்கில் மோதின. சாக்ரமெண்டோ அணியின் முதன்மை உரிமையாளரான விவேக் ரணதிவே பம்பாயிற் பிறந்தவர். முதல் நாள் ஆட்டம் பள்ளிச் சிறாருக்காக நடந்தது. கூடுதல் நேரம் வரை சென்று, 132-க்கு 131 என்று ஒரே புள்ளியில் இண்டியானா வென்றது. இரண்டாம் நாள் ஆட்டத்துக்கு நாம் சென்றோம். தந்தையாரும், அப்போது பதின்மூன்று வயதான எம் மகளும் உடன் வந்தனர்.

முதல் கால்மணி நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. இசையும் கூச்சலும் மிகுதியாக இருக்கவே, கைக்குட்டையின் நுனியைச் செவியில் வைத்துக்கொண்டார். பின்னர்ப் புள்ளிப் பலகையை நோக்கி, “இது என்ன கணக்கு? எங்கள் காலத்தில் முப்பது எடுத்தாலே ஊர்வலம் வைப்பார்கள்” என்றார்.

அவர் ஐயம் நியாயமானதே. 1950-இல் அமெரிக்காவிலேயே ஒரு தொழில்முறை ஆட்டம் 19-க்கு 18 என முடிந்தது. ஓர் அணி பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு காலங்கடத்தியதே காரணம். ஆட்டம் சலிப்பூட்டவே, டேனி பயசோன் என்னும் அணி உரிமையாளர் ஒரு கணக்கிட்டார். நல்ல ஆட்டமொன்றில் இரு அணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை எறிகின்றன, ஆட்ட நேரமோ 48 நிமிடம், அதாவது 2880 விநாடி, வகுத்தால் 24. ஆகவே 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954-இல் வந்தது. தொலைவிலுள்ள கோட்டுக்கு அப்பாலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்பதை என்.பி.ஏ. 1979-இலும், உலகச் சம்மேளனம் 1984-இலும் ஏற்றன. தந்தையார் ஆடிய நாளில் அக்கோடே கிடையாது. இவற்றையெல்லாம் அவருக்கு விளக்கியவள் எம் மகள்.

அவர் அவளுக்கு விளக்கியது வேறு. “பந்தைப் பார்க்காதே அம்மா, காலைப் பார். இடக்கால் அசையாமல் நிற்க, வலக்கால் மட்டும் சுற்றுகிறது பார்” என்று விரல் நீட்டிக் காட்டினார். ஊன்றிய காலை எடுத்து வைத்தால் ‘டிராவலிங்’ என்னும் பிழையாகும். பள்ளி ஆட்டங்களில் அவளுக்கு அடிக்கடி நேர்ந்த பிழை அதுவே. பாட்டனாருக்குத் தெரியாததைப் பேத்தியும், பேத்திக்குத் தெரியாததைப் பாட்டனாரும் சொல்லிக்கொண்டிருக்க, இருவர்க்கும் இடையே அமர்ந்திருந்த நாம் நாற்காலியைச் சற்றே பின்னுக்கிழுத்து வழிவிட்டோம்.

அன்று களத்தில் இருந்தோருள்ளும் தந்தையர் வழிவந்த மைந்தர் உண்டு. சாக்ரமெண்டோ அணியின் பயிற்சியாளர் லூக் வால்டன். அவர் தந்தை பில் வால்டன், 1977-இல் போர்ட்லாண்டு அணிக்கு வாகை பெற்றுத் தந்தவர். இண்டியானா அணியில் 11-ஆம் எண் சட்டை அணிந்திருந்தவர் டொமந்தாஸ் சபோனிஸ். அவர் தந்தை லித்துவேனியரான அர்விதாஸ் சபோனிஸும் அதே எண்ணை அணிந்து ஆடியவர். அத்தந்தையை 1986-லேயே போர்ட்லாண்டு அணி தேர்ந்தெடுத்தது. சோவியத் நாட்டிலிருந்து அவர் அந்நாளில் செல்ல இயலவில்லை. 1988-இல் சோவியத் அணிக்காக ஒலிம்பிக் தங்கம் வென்றார். குதிகால் நரம்பு அறுந்து துன்புற்றார். போர்ட்லாண்டுக்குப் போய்ச் சேர்ந்தது 1995-இல். விரைவும் துள்ளலும் குறைந்திருந்த பருவம் அது. அடுத்த ஆண்டு அந்நகரிலேயே பிறந்தவர்தான் டொமந்தாஸ்.

இடைவேளையில் எம் மகள் இவ்வரலாற்றைப் பாட்டனாருக்குச் சொன்னாள். அவர் களத்தை நோக்கியவாறே கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் எம்மிடம் கூறினார்: “பட்டணத்தில் ஒரு வங்கி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கள் டிரில் மாஸ்டர் வந்து சொன்னார். ரயில் சத்தம் தாமே தருவதாகவும் சொன்னார். அப்போது உங்கள் தாத்தா படுக்கையில் இருந்தார். நான் போகவில்லை.”

“அதற்குப் பின் ஆடினீர்களா, அப்பா?” என்று கேட்டோம்.

“எங்கே நேரம்?” என்றார்.

இதன் பொருளை நம் நேயர்கள் நன்கறிவர். நம் நாட்டில் கூடைப்பந்தாட்டம் நெடுங்காலம் தனித் தொழிலாக இருந்ததில்லை. ரயில்வே, வங்கி, போலீஸ், ராணுவம் ஆகியவை வீரர்க்கு உத்தியோகம் தந்து அணி நடத்தின. சென்னையின் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அணி புகழ் பெற்றது. அணியில் இடம் கிடைத்தல் என்பது வாழ்நாள் முழுமைக்கும் ஊதியம் கிடைத்தல். ஒரு குடும்பம் தலைநிமிரும் வழி அது. அந்த ரயிலில் ஏறாதிருந்தவர் எத்துணை பேர் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. ஏறாதவர் வருந்திக் கூறுவதும் இல்லை. அறுபது ஆண்டு சுமந்து, யாரேனும் அருகமர்ந்து கேட்கும் வேளையில் மூன்று வாக்கியத்தில் சொல்லி முடிப்பர்.

அன்று இண்டியானா அணியே 130-க்கு 106 என்று மீண்டும் வென்றது. வீடு திரும்பும் வழியில் எம் மகள் தன் வேண்டுகோளை வைத்தாள். மாதுங்காவிலுள்ள இந்தியன் ஜிம்கானாவில் மாலைப் பயிற்சிக்குச் செல்ல அவளுக்கு விருப்பம். படிப்புக் கெடுமே, இருட்டிய பின் யார் அழைத்து வருவது என்று வீட்டில் தயக்கம் இருந்தது. “நான் கூட்டிப் போகிறேன். நானே கூட்டி வருகிறேன்” என்றார் தந்தையார். வழக்கு அத்துடன் முடிந்தது.

வாரத்தில் மூன்று மாலை இருவரும் சென்றனர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து களங்கள் மூடப்பட்டபோது, கட்டடத்தின் மொட்டை மாடியில் கால் ஊன்றும் பயிற்சி தொடர்ந்தது. எம் மகள் பெரும் வீராங்கனை ஆகிவிடவில்லை; இன்று கல்லூரி அணியில் ஆடுகிறாள், அவ்வளவே. ஆயின் தந்தையாருக்கு அக்களத்தின் ஓரத்தில் நண்பர் நால்வர் கிட்டினர். அவர் கற்ற இந்திச் சொற்கள் பெரும்பாலும் அங்கே கற்றவை.

பெண் மக்களைப் பெற்ற அன்பர்களுக்கு ஒரு சொல். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கேரளத்திற் பிறந்து சென்னையில் தென்னக ரயில்வே அணிக்கு ஆடிய கீது அன்னா ஜோஸ், 2011-இல் அமெரிக்க மகளிர் தொழில்முறை அணிகளின் தேர்வுக்கு அழைக்கப்பெற்றார். ஆண் மக்களுக்கோ, பஞ்சாபின் சிற்றூர் ஒன்றில் உழவர் மகனாகப் பிறந்து 2015-இல் என்.பி.ஏ. அணியொன்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியரான சத்னாம் சிங் எடுத்துக்காட்டு. ஏழடிக்கு மேல் உயர்ந்த அவர் தந்தைக்கு ஆடும் வாய்ப்பு அமையவில்லை. மகனைத் தாமே களத்துக்கு அழைத்துச் சென்றார்.

வெளிநாட்டு அணிகள் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. மாதுங்காவிலும் நாக்பாடாவிலும் நல்ல ஆட்டங்கள் நடைபெறுகின்றன. 1970-இல் அர்ஜுனா விருது பெற்ற அப்பாஸ் முன்தாசிர் நாக்பாடாவில் வளர்ந்த வீரரே. பிற நகரங்களில் வாழும் அன்பர்கள் அவ்வூர் வொய்.எம்.சி.ஏ.யிலும் கல்லூரிகளிலும் விசாரித்தறியலாம். முதியோரை அழைத்துச் செல்வோர், படிகள் மிகுந்த மேல்தட்டு இருக்கைகளைத் தவிர்த்து, நடைவழியை ஒட்டிய இருக்கையைப் பெறுக. செவிக்குச் சிறிது பஞ்சும், தோளுக்கு ஒரு துண்டும், குடிநீரும் உடன் கொள்க. கழிப்பறை எங்குள்ளது என்பதை ஆட்டம் தொடங்குமுன் பார்த்து வைத்துக்கொள்க. திரும்பும் வண்டிக்கு முன்னதாகவே ஏற்பாடு செய்க.

இடைவேளையில் பலகாரம் வாங்க எழுந்து ஓடவேண்டா. அப்போது அவர்கள் பேசத் தொடங்கினால், குறுக்கிடாது கேளுங்கள்.