எதற்காக இந்தப் பயிற்சி?



எனது ராத்தாவுக்கு 58 வயது. சீனி வருத்தமும் முழங்கால் நோவும் உண்டு. மகள் செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து, அதைப் பார்த்துத் துள்ளித் துள்ளிப் பயிற்சி செய்வதைக் கண்டு தானும் கூடவே துள்ளினார். ஐந்தாம் நாள் முழங்கால் வீங்கிப் படுத்துவிட்டார். "உடற்பயிற்சி நல்லது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?" என்று என்னிடம் கேட்டார். அரபு இலக்கணத்தில் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

வீக்கம் வற்றி, டொக்டரும் சம்மதித்த பின்னர், பெண்களுக்குப் பயிற்சியளிக்கும் ஒரு சகோதரியை அழைத்தோம். வந்தவர் எடுத்த எடுப்பில் எதையும் செய்யச் சொல்லவில்லை. "உங்களுக்கு என்ன செய்ய முடியவேண்டும்?" என்றுதான் கேட்டார்.

"கதிரையில் இருந்துதான் தொழுகிறேன். பழையபடி நிலத்தில் சுஜூது செய்து எழும்ப வேண்டும்" என்றார் ராத்தா.

உடனே ஒரு கதிரையைப் போட்டு, கையூன்றாமல் 30 விநாடிகளில் எத்தனை தரம் எழுந்து அமர்கிறார் என்று எண்ணினார். ஆறு தரம்.

அளவெடுக்காமல் துணியை வெட்டும் தையற்காரி உண்டா? எந்த வேலைக்கு உடம்பைப் பழக்குகிறோமோ, அந்த வேலைக்குத்தான் அது தேறும். ஆகவே ராத்தாவுக்குக் கிடைத்த முதற் பயிற்சி, கதிரையிலிருந்து மெதுவாக எழுவதும் அமர்வதுமே. அது இலகுவானதும் இருக்கையின் உயரம் குறையும். இவ்வாறு சுமையைப் படிப்படியாகக் கூட்டும் முறையைக் கொண்டு, காயமுற்ற படைவீரர்களின் கால்களைத் தேற்றிய அமெரிக்க இராணுவ வைத்தியர் தோமஸ் டிலோர்ம், அதனை 1945இல் எழுதி வெளியிட்டார்.

சீனிக்கு நடை. தசைகள் இயங்கும்போது இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்கின்றன. பேச முடியும், பாட முடியாது என்ற அளவு வேகம் போதும். வாரத்துக்கு 150 நிமிடங்களாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி. இன்சுலின் போடுபவர்கள் மட்டும் டொக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். சீனி திடீரென இறங்கிவிடலாம்.

மகளுக்கோ கையும் தோளும் பலமாக வேண்டுமாம். அவளுக்குப் பழகப் பழகப் பாரம் கூடும், தூக்கும் தரம் குறையும். களைக்காமல் நெடுநேரம் வேலைசெய்ய விரும்பியிருந்தால், இலேசான பாரத்தைப் பதினைந்து, இருபது தரம் தூக்கச் சொல்லியிருப்பார். 80 வயதான எங்கள் உம்மாவுக்கு விழாமல் இருந்தாலே போதும். அவர் சுவரைத் தொட்டபடி, ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை வைத்து நிற்கப் பழகுகிறார்.

ராத்தா இப்போது முக்காலிக்கு இறங்கியிருக்கிறார். நிலத்துக்கு இன்னும் ஒரு சாண் இருக்கிறதாம்.