தாம்பரத்துப் பிள்ளைக்கு இக்ளூ எதற்கு?

"சார், எல்.கே.ஜி. சேர்த்து ஆறு மாசமாச்சு, இவனுக்கு இங்கிலீஷே வரல" என்று போன் செய்கிறீர்கள். சுவரில் நீங்கள் மாட்டியிருக்கும் சார்ட்டைக் கொஞ்சம் பாருங்கள். ஐ ஃபார் இக்ளூ. நம்ம ஊர் வெயிலில் பனிவீடு! எக்ஸ் ஃபார் சைலஃபோன். அந்த வாத்தியத்தை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? அதிலும் அந்தச் சொல்லில் எக்ஸுக்கு 'க்ஸ்' என்ற ஒலியே கிடையாது, இசட்டின் ஒலிதான். பையன் தினம் தூக்கிப்போகும் டிபன் பாக்ஸில் அசல் எக்ஸ் இருக்கிறது. டாக்ஸியிலும் இருக்கிறது.

1931-லேயே பீச்சிலிருந்து மின்சார ரயில் வந்த ஊர் இது. டிக்கெட், பிளாட்பாரம், சிக்னல், கேட் எல்லாம் பள்ளிக்கூடம் பார்க்காத பாட்டிகளும் பேசிய பெயர்ச்சொற்கள். பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருப்பதை எழுத்தில் காட்டுங்கள், போதும்.

அவன் தடுமாறுவது வேறு இடத்தில். 'பத்து பஸ் போச்சு' என்பது நல்ல தமிழ். எண் சொன்னபின் 'கள்' வேண்டாம். இங்கிலீஷில் 'டென் பஸ்' தப்பு, 'டென் பஸ்ஸஸ்' என்கணும். ஆனால் தட்டில் எவ்வளவு சோறு போட்டாலும் அது 'ரைஸ்'தான். இதை நிதானமாகச் சொல்லித்தர ஆளில்லை. விருந்தாளி வந்ததும் மூக்கைத் தொட்டு 'வாட் இஸ் திஸ்?' என்று கேட்க மட்டும் வீடே கூடிவிடுகிறது. குழந்தை என்ன, இன்டர்வியூவுக்கா வந்திருக்கு?

ஞாயிற்றுக்கிழமை சானடோரியம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போங்கள். பெயர்ப்பலகையில் தமிழும் இங்கிலீஷும் பக்கத்திலேயே இருக்கும். விரல் வைத்துப் படிக்கட்டும். பிளாட்பார டிக்கெட் அந்தச் சார்ட்டைவிட மலிவு.