அறிவும் சொத்துதான் தோழர்களே!

கடம்பூரில் வேதியியல் பட்டம் வாங்கிய நம் பிள்ளைக்கு ஊர் காட்டும் வழி என்ன? தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுது, இல்லையென்றால் டிஎன்பிஎஸ்சிக்குப் படி. அறிவுசார் சொத்துரிமை வழக்கறிஞர் என்றொரு தொழில் இருப்பதை யாரும் சொல்வதில்லை. நாம் சொல்வோம்.

காப்புரிமை முகவர் தேர்வை வெறும் சட்டப் பட்டத்தோடு எழுத முடியாது. அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் கட்டாயம். அதன்மேல் மூன்றாண்டு சட்டம் படித்துப் பதிவு செய்தால் நீதிமன்றத்திலும் வாதாடலாம். சென்னை உயர்நீதிமன்றத்தில் 2023 முதல் இதற்கெனத் தனிப் பிரிவே இயங்குகிறது.

"இதெல்லாம் நமக்கெதற்கு?" என்பவர்களுக்கு ஒரு பதில். 2018இல் நாகபுரியில் தலித் ஆய்வாளர்கள் க்ஷிப்ரா உகே, சிவ் சங்கர் தாஸ் இருவரின் ஆய்வுத் தரவுகள் களவாடப்பட்டன. வழக்கறிஞர் வைக்காமல் தாங்களே வாதாடினார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி இழப்பீடு தரவேண்டிய 'சொத்தில்' அறிவுசார் சொத்தும் அடங்கும் என்று 2023இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகாராஷ்டிர அரசின் மேல்முறையீட்டை 2025இல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

தீர்ப்பு வந்துவிட்டது. அதை ஏந்தி அடுத்த வழக்கை நடத்த நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்? நிலத்தைப் பறித்தார்கள், கூலியைப் பறித்தார்கள். அறிவையும் பறிகொடுக்க முடியாது. கறுப்பு அங்கி எந்தச் சாதிக்கும் பரம்பரைச் சொத்தல்ல. ஆய்வகத்தில் நிற்கும் தோழர்களே, சட்டமும் படியுங்கள்!