தோள்வலிக்குச் சொடக்கு மருந்தல்ல



தோள்வலி பற்றிய உங்கள் கட்டுரை மாத்திரை, அறுவை சிகிச்சை இரண்டோடு நின்றுவிட்டது. பயிற்சி பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தம்.

தையல் வேலை செய்யும் என் அக்காவுக்கு வலது தோளில் தசைநாண் பாதிப்பு. முதுகுப்பக்கம் கொக்கி போடக்கூடக் கை போகாது. பிசியோதெரபிஸ்ட் முதலில் சொல்லிக்கொடுத்தது இதுதான்: மடித்த துண்டை விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, புறங்கையால் சுவரை அழுத்திப் பிடிப்பது. பிறகு ரப்பர் பட்டை, அதன்பின் தண்ணீர் பாட்டில். மாதக்கணக்கில் ஆனது, ஆனால் கை தூக்க முடிகிறது.

அறுவை சிகிச்சையைப் பற்றி 2018இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில் 313 நோயாளிகள். தோள் எலும்பு செதுக்கப்பட்டவர்களுக்கும், கருவியை உள்ளே விட்டுப் பார்த்ததோடு நிறுத்தப்பட்டவர்களுக்கும் பலனில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இப்போது தோள்வலி உள்ள பலரும், மூட்டுகளைக் கையால் திருகிச் சொடக்கெடுக்கும் கைரோபிராக்டிக் சிகிச்சை வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கழுத்தைத் திருகிக்கொள்ள ஓடுகிறார்கள். அந்தச் 'சடக்' ஒலி மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக்குமிழி சார்ந்தது. அதனால் தசைநாண் வலுவாகாது. கழுத்தை வேகமாகத் திருகும்போது, அரிதாக, ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். நல்ல கைரோபிராக்டரும் பயிற்சியைத்தான் சொல்லித்தருவார்.

விழுந்தபின் கை தூக்கவே முடியாதவர்கள் தாமதிக்காமல் எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்காக, வீட்டிலேயே செய்யக்கூடிய தோள் பயிற்சிகளைப் படங்களுடன் வெளியிடுங்கள்.

— ஒரு வாசகி, ஈரோடு