வாரியம் இருக்கிறது, சங்கம் எங்கே?

2025இல் ஆந்திரத்தின் பாபட்லா, பல்நாடு, பிரகாசம் மாவட்டங்களில் கறுப்பு பர்லி புகையிலையை வாங்க ஆளில்லாமல் போனது. முந்தைய ஆண்டின் விலையைப் பார்த்துப் பரப்பு பெருகியது. சரக்கு வந்ததும் கம்பெனிகள் பின்வாங்கின. கடைசியில் மாநில அரசே கூட்டுறவு விற்பனை இணையமான மார்க்ஃபெட் மூலம் கொள்முதலில் இறங்க நேர்ந்தது. சிகரெட்டுக்குப் போகும் வர்ஜீனியா ரகத்துக்குக் குண்டூரில் புகையிலை வாரியம் இருக்கிறது, ஏலமும் நடக்கிறது. பர்லிக்கு இரண்டும் இல்லை. அதையும் வாரியத்தின் கீழ் கொண்டுவந்தால் தீர்ந்தது என்று பலர் வாதிடுகிறார்கள். தீராது. அந்த வாரியத்தின் கண்ணெதிரேதான் 2015இல் வர்ஜீனியா விலை சரிந்து, பிரகாசம் மாவட்டத்தில் விவசாயிகள் தற்கொலை செய்துகொண்டார்கள்.

1975ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த வாரியம் ஒரு மத்திய அரசு அமைப்பு. அதில் விவசாயிகளின் பிரதிநிதிகள் உண்டு. ஆனால் அவர்களை நியமிப்பது டெல்லி. எவ்வளவு விளைவிக்கலாம் என்று வாரியம் சொல்கிறது, என்ன விலை என்று ஏலத்துக்கு வரும் விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள் சொல்கின்றன. கேட்ட விலை பிடிக்காவிட்டால் சிப்பத்தைத் திருப்பி எடுத்துப் போகலாம்தான். வண்டி வாடகை இரட்டிப்பாகும், வைத்திருந்தால் இலையின் தரம் இறங்கும், வங்கிக் கடன் காத்திருக்காது. தனி ஆளுக்கு அது ஏட்டுரிமை மட்டுமே. சொந்தக் கிடங்கும் கொஞ்சம் முன்பணமும் உள்ள சங்கம் பின்னால் நின்றால்தான் 'தரமாட்டேன்' என்ற சொல்லுக்கு எடை வரும்.

ஆளைக் கொல்லும் பயிருக்கு எதற்குச் சங்கம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004இல் ஏற்றது. மாற்றுப் பிழைப்புக்கு உதவுவதும் அதன்படி நம் கடமை. ஆனால் பிரகாசத்தில் கொண்டைக்கடலைக்கு மாறியவர்கள் பட்டதைப் பார்க்க வேண்டும்: மூட்டைகளைக் குளிர்பதனக் கிடங்கில் அடமானம் வைத்துவிட்டு விலைக்காகக் காத்துக் கிடந்தார்கள். பயிர் மாறியது, கைபிசைந்து நிற்பது மாறவில்லை. பயிரின் பெயரில் அல்லாமல் ஊரின் பெயரில் அமையும் சங்கமே புகையிலையிலிருந்து வெளியேறும் வழியாகவும் இருக்கும். இத்தகைய சங்கங்களாக ஏற்கெனவே தொடங்கப்பட்ட உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பலவும் காகிதத்தில்தானே இருக்கின்றன என்பதும் உண்மை. அவற்றுக்கான மத்திய அரசின் 2020 திட்டம் ஒரு நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்குத் தருகிறது. கணக்கர் சம்பளத்துக்கு ஆகும், கிடங்கு கட்ட ஆகாது. ஏலத்தில் பிடிக்கும் சேவைக் கட்டணத்தில் ஒரு பங்கை, முறையாகத் தேர்தலும் தணிக்கையும் நடத்தும் சங்கங்களுக்குத் திருப்பலாம். வாரியத்தின் விவசாயி இடங்களையும் அந்தச் சங்கங்களே தேர்ந்தெடுத்து நிரப்பும்படி சட்டத்தையும் விதிகளையும் திருத்த வேண்டும்; பர்லியைச் சேர்ப்பது அதன்பிறகு.