சேர்வதற்குச் சட்டம் உண்டு, முடிப்பதற்கு? – கணித முதுகலையும் திண்டுக்கல் தலித் மாணவர்களும்

நிலக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு மாணவி சில மாதங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் நான்கு பருவங்களின் மதிப்பெண் பட்டியல்கள் இருந்தன. கணித முதுகலையில் எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற்றிருந்தார்; அரியர் ஒன்றுகூட இல்லை. ஆயினும் தற்காலிகப் பட்டச் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் கல்லூரி தர மறுத்தது. அவர் பெயரில் 11,000 ரூபாய் பாக்கி இருப்பதாகவும், ‘நோ டியூஸ்’ படிவத்தில் கையெழுத்துப் போட முடியாது என்றும் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பாக்கி அவருடையதன்று. அரசு வழங்க வேண்டிய கல்வி உதவித்தொகை வந்து சேராததால் ஏற்பட்டது.

நாங்கள் கடிதம் எழுதினோம். மூன்று வாரங்களில் சான்றிதழ்கள் கிடைத்தன. அதற்குள் பி.எட். சேர்க்கைக்கான கடைசி நாள் கடந்துவிட்டது. அவருடைய ஓராண்டு மல்லிகைத் தோட்டக் கூலிக்குப் போனது.

இந்த ஓராண்டு இழப்பை எந்தப் புள்ளிவிவரமும் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அவர் இடையில் நின்றவர் அல்லர், தோற்றவரும் அல்லர். விதிப்புத்தகம் கேட்ட அனைத்தையும் நிறைவேற்றியவர். விதிப்புத்தகத்தில் இல்லாத ஒன்றுதான் அவரைத் தடுத்தது. ஆகவே, ஒரு முதுகலைப் பட்டத்தை முடிப்பதற்கு எவையெல்லாம் நிபந்தனைகள், அவற்றுள் எவை சட்டப்படியானவை என்பதை நாம் வரிவரியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அச்சில் உள்ள நிபந்தனைகள்

திண்டுக்கல் மாவட்டத்தின் கலை அறிவியல் கல்லூரிகளுள் பல மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றவை. அரசு மகளிர் கல்லூரிகள் கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. சின்னாளப்பட்டியை ஒட்டிய காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தனக்கெனத் தனிப் பாடத்திட்டம் கொண்டது. பெயர்கள் வேறானாலும் முதுகலைக் கணிதத்துக்கான நிபந்தனைகள் பெரிதும் ஒத்தவை: இரண்டு ஆண்டுகள், நான்கு பருவங்கள், 90-ஐ ஒட்டிய கிரெடிட்கள், 75 விழுக்காடு வருகை, இறுதிப் பருவத்தில் பெரும்பாலும் ஒரு திட்டப்பணி. தாள்தோறும் அகமதிப்பீட்டுக்கு 25, பருவத்தேர்வுக்கு 75 என்பது பரவலான வழக்கம். தேர்ச்சிக்கு இரண்டும் சேர்ந்து 50 வேண்டும். குறித்த காலத்தில் முடிக்க இயலாதவர்க்கு மேலும் இரண்டு ஆண்டுகளும், அரிதான சூழலில் இன்னும் ஓராண்டும் தரலாம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதல்.

இவற்றுள் 50 என்ற எண்ணைச் சற்று நின்று கவனிப்போம். கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கான நெட் தேர்வை எழுத, பொதுப்பிரிவினர் முதுகலையில் 55 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் 50 போதும். 2022-ஆம் ஆண்டின் முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளும் இதே 5 விழுக்காட்டுத் தளர்வைத் தருகின்றன. ஒவ்வொரு தாளிலும் 50 பெற்றால்தான் தேர்ச்சி என்னும்போது, பட்டத்தை முடித்த ஒவ்வொரு தலித் மாணவரும் அந்தத் தகுதியைத் தானாகவே அடைந்துவிடுகிறார். தலித் கிறித்தவ மாணவர்கள் பட்டியல் சாதிப் பிரிவில் வராவிட்டாலும், தமிழ்நாட்டுக்கான ஒன்றிய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறார்கள். வருமான வரம்புக்கு உட்பட்டால் அவர்களுக்கும் நெட் தேர்வில் 50 போதும்.

அப்படியானால் நெட் தேர்வுக்கும், ஆய்வுப் படிப்புக்கும், பி.எட். சேர்த்து அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கும் தகுதி பெறுவதில் உண்மையான வடிகட்டி மதிப்பெண் அன்று. பட்டம் முடிகிறதா இல்லையா என்பதே வடிகட்டி. சேர்க்கையில் பட்டியல் சாதியினர்க்கு 18 விழுக்காடும், அதற்குள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடும் இருக்கின்றன. சேர்ந்தவருள் எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேட்க எந்தச் சட்டமும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

கணிதம் ஏன் தனி?

முதுகலைக் கணிதத்தில் ஒரு தாள் அடுத்த தாளின் படிக்கட்டு. முதல் பருவத்தின் மெய்ப் பகுப்பாய்வு நழுவினால், பின்வரும் அளவைக் கோட்பாடும் சார்புப் பகுப்பாய்வும் நழுவும். இயற்கணிதத்தில் குலங்கள் புரியாதவர்க்குப் புலங்களின் விரிவு வெறும் குறியீடுகளாகவே தெரியும். தமிழ்வழியில் இளநிலை முடித்து வந்த முதல் தலைமுறை மாணவர் ஹெர்ஸ்டைனையும் ரூடினையும் மன்க்ரஸையும் முதன்முறையாக ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறார். நிறுவல் எழுதும் பழக்கம் மனப்பாடத்தால் வருவதன்று. ஆசிரியர் ஒதுக்கும் நேரத்தாலும், சக மாணவர்களோடு கரும்பலகை முன் நின்று வாதிடுவதாலும் வருவது. விடுதியிலும் வகுப்பிலும் யார் யாரோடு அமர்ந்து படிக்கிறார்கள் என்பதைச் சாதி தீர்மானிக்கும் இடத்தில், சேர்ந்து படிக்கும் குழு ஒன்றில் இடம் கிடைப்பதும் எழுதப்படாத நிபந்தனையாகிவிடுகிறது.

கதவுகள் மூடும் இடங்கள்

முதலாவது, வருகைப்பதிவு. நிலக்கோட்டை வட்டாரத்தில் மல்லிகை மொட்டை விடியலுக்கு முன்பே பறிக்கத் தொடங்க வேண்டும். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் ஷிப்டு முறை. குடும்பத்தோடு உழைத்துக்கொண்டே படிக்கும் மாணவர்க்கு முதல் பாடவேளை தவறினால், பல கல்லூரிகளில் அரைநாள் வருகை போய்விடுகிறது. 75-க்குக் குறைந்து 65-க்கு மேல் இருப்போர் கட்டணம் செலுத்தி விலக்குப் பெறலாம் என்பது பல பல்கலைக்கழகங்களின் விதி. கூலிக்குப் போனதால் வருகை குறைந்தவரிடமே அதற்காகப் பணம் கேட்கும் விதி இது.

இரண்டாவது, அகமதிப்பீடு. ஒரு தாளில் அகமதிப்பீட்டில் 12 பெற்றவர் பருவத்தேர்வில் 38 எடுத்தால் தேர்ச்சி. அகமதிப்பீட்டில் 5 மட்டும் பெற்றவர் 45 எடுக்க வேண்டும். பருவத்தேர்வில் இருவரும் ஒரே விதமாக எழுதி 38 எடுத்தாலும் ஒருவர் தேறுகிறார், மற்றவர் தோற்கிறார். பல இடங்களில் அகமதிப்பீட்டை மறுபடி எழுத முடியாது. அந்த 5 அவரை ஒவ்வொரு மறுதேர்விலும் தொடரும். சேர்க்கை நேர்காணலுக்கு மொத்த மதிப்பெண்ணில் 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981-இலேயே கூறியது. அகமதிப்பீடு நேர்காணல் அன்று என்பது உண்மை. ஆனால் கருத்தரங்கு, ஒப்படைப்பு போன்றவற்றுக்கு எந்தப் பதிவும் இன்றி மதிப்பெண் இடப்படும்போது, அந்தத் தீர்ப்பின் அச்சம் இங்கும் பொருந்துகிறது.

மூன்றாவது, களப்பணி. காந்திகிராமத்தில் முதுகலை மாணவர்கள் கிராமத்தில் சில நாட்கள் தங்கிப் பணியாற்றுவதும் படிப்பின் ஓர் அங்கம். கணித மாணவரும் ஊரை அறிய வேண்டும் என்பது நல்ல நோக்கமே. ஆனால் ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடக்கும் நிலத்தில், எந்தத் தெருவில் தங்குவது, யார் வீட்டில் தண்ணீர் குடிப்பது என்ற கேள்விகள் எல்லா மாணவர்க்கும் ஒன்றல்ல. இத்தகைய நிபந்தனையை வகுக்கும் எந்த நிறுவனமும், தலித் மாணவரின் மாண்பைக் காக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நான்காவது, பணம். ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்தின் பட்டியல் சாதி மாணவர்க்கு, மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகையை ஒன்றிய, மாநில அரசுகள் 60-க்கு 40 என்ற விகிதத்தில் ஏற்கின்றன. கட்டணத்துக்குரிய ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வரும் என்பது 2021-ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிமுறை. பணம் தாமதமானால் அரசின் கடன் மாணவரின் பெயரில் பாக்கியாகிவிடுகிறது. தேர்வுக் கட்டணம், ஹால் டிக்கெட், சான்றிதழ் என ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பாக்கி முன்வந்து நிற்கிறது.

‘வெளியேறும் வாய்ப்பு’ என்னும் புதிய வாசல்

இந்நிலையில்தான் 2024 ஜூனில் மானியக் குழு முதுகலைப் படிப்புகளுக்கான புதிய கட்டமைப்பை வெளியிட்டது. நான்காண்டு இளநிலை முடித்தோர்க்கு ஓராண்டு முதுகலை. மூன்றாண்டு இளநிலை முடித்தோர்க்கு இரண்டாண்டு. இரண்டாண்டுப் படிப்பில் சேர்ந்தவர் முதலாண்டின் இறுதியில் முதுகலைப் பட்டயத்தோடு வெளியேறலாம்.

வசதியுள்ளவர்க்கு இது தெரிவு. உதவித்தொகை வராதவர்க்கும், முதல் பருவத் தாள்களில் தடுமாறி நிற்பவர்க்கும் இது ‘போய்வா’ என்னும் சொல். பட்டயம் பட்டமாகாது, மேலே சொன்ன 50 விழுக்காட்டுத் தளர்வுக்கு அதைக் கொண்டு உரிமை கோர இயலாது. இதுவரை இடைநிற்றல் என்று எழுதப்பட்டது இனி வெளியேற்றச் சான்றிதழாக எழுதப்படும். கணக்கிலிருந்து இழப்பே மறைந்துபோகும். நமது கவலை இதுதான்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலேயே இதற்குப் பாடம் உண்டு. பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் லண்டன் பொருளியல் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு அவர் திரும்ப நேர்ந்தது. மீண்டும் வந்து தொடரப் பல்கலைக்கழகம் நான்காண்டு அவகாசம் தந்தது. 1920-இல் திரும்பிச் சென்றார், 1921-இல் எம்.எஸ்சி., 1923-இல் டி.எஸ்சி. பட்டங்களைப் பெற்றார். அவரைக் காத்தது, திரும்பி வரும் உரிமையைத் தந்த ஒரு விதி.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் கையில் கருவிகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அரசின் 2012-ஆம் ஆண்டு அரசாணை எண் 92, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்க வழிசெய்கிறது. பட்டத்துக்கு மாணவர் தகுதி பெறும் நாளிலிருந்து 180 நாட்களுக்குள் அதை வழங்க வேண்டும் என்று மானியக் குழுவின் 2008-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கூறுகிறது. கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கன்று, கட்டணப் பாக்கிக்காக அதைப் பிடித்துவைக்க இயலாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. திருத்தப்பட்ட விடைத்தாள் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ‘தகவல்’ ஆகும், அதைப் பார்க்க மாணவர்க்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் தீர்ப்பளித்தது.

2024 செப்டம்பர் 30 அன்று, 17,500 ரூபாயை உரிய நேரத்துக்குள் செலுத்த இயலாமல் தன்பாத் ஐஐடி இடத்தை இழந்த உத்தரப் பிரதேசத்துத் தலித் மாணவர்க்கு, அரசியல் சட்டத்தின் 142-ஆம் பிரிவைப் பயன்படுத்தி உச்ச நீதிமன்றம் இடம் வழங்கியது. கூலித் தொழிலாளியின் மகன் கட்டணத்தால் வாசலில் நிறுத்தப்படக் கூடாது என்பதே அந்த ஆணையின் சாரம். நுழையும்போது பொருந்தும் நீதி முடித்து வெளிவரும்போது பொருந்தாமல் போகாது.

நாம் கோருபவை

முதுகலையில் சேர்ந்தோர், முடித்தோர், பட்டயத்தோடு வெளியேறியோர் எண்ணிக்கையைப் பல்கலைக்கழகங்கள் சமூகப் பிரிவுவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அகமதிப்பீட்டு மதிப்பெண்கள் பருவத்தேர்வுக்கு முன்பே காரணங்களோடு மாணவரிடம் காட்டப்பட்டு, முறையிட அவகாசம் தரப்பட வேண்டும். அரசிடமிருந்து வரவேண்டிய தொகையை மாணவரின் பாக்கியாக எழுதக் கூடாது என்று உயர்கல்வித் துறையும் ஆதிதிராவிடர் நலத்துறையும் கூட்டாகச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். உதவித்தொகைத் தாமதத்தால் வெளியேறுபவர்க்குத் திரும்பிவரும் உரிமை தெளிவாக எழுதப்பட வேண்டும்.

இதே மாவட்டத்தில், 2021 ஜனவரியில் தலித் பெண் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்ட பிறகு, ஆலைத்தளத்தில் பெண்கள் அச்சமின்றி முறையிட வழிசெய்யும் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ 2022-இல் தொழிற்சங்கத்தின் போராட்டத்தால் உருவானது. எழுதப்பட்ட உரிமைக்கும் வாய்மொழிக் கருணைக்கும் உள்ள வேறுபாட்டை ஆலைத் தொழிலாளர்கள் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். வகுப்பறைக்கும் அது தேவை.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். சான்றிதழோ ஹால் டிக்கெட்டோ மறுக்கப்பட்டால், வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். கோரிக்கையை எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகை பெறுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை பெறும் வகையில் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். அகமதிப்பீட்டில் ஐயம் இருந்தால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் மனு இடுங்கள். முப்பது நாட்களில் பதில் தர வேண்டும். கடைசி நாளுக்குப் பிறகு வராமல், முதல் மறுப்பு வந்த அன்றே வழக்குரைஞரிடம் வாருங்கள். நிலக்கோட்டை மாணவி எங்களைச் சந்தித்தபோது, அவர் கல்லூரி அலுவலகத்துக்கு ஆறு முறை நடந்து முடித்திருந்தார். அந்த ஆறு முறைக்கும் அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.